தேன் பூசிய காலும் போன விரலும்

ஆசிரியருக்கு,

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை என் மாமாவுக்குச் செருப்புக் கடித்துக் காலில் ஒரு சின்னக் காயம். பதினைந்து வருடமாகச் சலரோகம் உள்ள மனுசன். யாரோ தேன் பூசச் சொல்ல, ஏ9 வீதியோரம் வாங்கிய போத்தலை எடுத்துக் காலையும் மாலையும் பூசிக்கொண்டு பத்து நாள் இருந்துவிட்டார். நோவு இல்லை, அதனால் பயமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது சின்ன விரல் கறுத்துப்போயிருந்தது, எடுக்கவேண்டியதாகிவிட்டது.

சுகம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் தேன் வைத்தியமே பொய் என்றார்கள். மீதிப்பேருக்கு அது சீனிப்பாணி கலந்த தேன், நல்ல பாலைப்பூத் தேன் என்றால் ஆறியிருக்குமாம். இரண்டும் பிழை.

தேன் புண்ணை ஆற்றும் என்பது உண்மைதான். அதில் ஏறக்குறைய 80 வீதம் சீனி, தண்ணீர் 20 வீதத்துக்கும் குறைவு, ஆகவே கிருமியிடம் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சி எடுத்துவிடும். புளிப்புத்தன்மையும் உண்டு. அதோடு தேனீ சேர்த்துவிடும் ஒரு நொதியம், காயத்தில் ஊறும் நீர் பட்டதும் ஐதரசன் பேரொட்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும் (பழுதாகாமல் இருக்கட்டும் என்று தேனைக் காய்ச்சி வைப்பவர்கள் அந்த நொதியத்தைத்தான் கெடுக்கிறார்கள்). வீக்கமும் சிவப்பும் குறைவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015ஆம் ஆண்டு மீளாய்வு, தோலின் முழு ஆழத்துக்கும் போகாத தீக்காயங்கள் வழமையான மருந்துக்கட்டை விடத் தேனில் நாலைந்து நாள் முந்தி ஆறுகின்றன என்றது. ஆனால் அதே மீளாய்வு சலரோகக் காற்புண்ணுக்கு அப்படி எந்த உறுதியும் தரவில்லை.

காரணம் தேனில் இல்லை, காலில். சலரோகம் நரம்பை மரக்கச் செய்துவிடும், நோவு தெரியாது, இரத்த ஓட்டமும் குறைந்துவிடும், கிருமி உள்ளுக்குள் எலும்புவரை போகும், மேலே பூசுகிற எதுவும் அங்கே போய்ச் சேராது. மருத்துவத்துக்கென்று விற்கும் தேனைக் காமாக் கதிர் பாய்ச்சிக் கிருமிநீக்கித்தான் தருகிறார்கள், அதைக்கூட மருந்து கட்டுபவர் புண்ணைத் துப்புரவாக்கிய பிறகுதான் வைப்பார். நம்மவர்களோ தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்திப் பார்த்துவிட்டு 'சுத்தமான தேன்' என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தச் சோதனைகளால் கலப்படமும் தெரியாது, கிருமியும் தெரியாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பதும் அந்தத் தேனைத்தான், ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது என்று குழந்தை வைத்தியர்கள் எத்தனை தரம் சொன்னாலும்.

சரி, கிளினிக்குகளில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சீனி அளவு பார்க்கிற நாளில் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலையும் பாருங்கள், வீட்டில் என்ன பூசினீர்கள் என்றும் கேளுங்கள், ஏசாமல் கேளுங்கள். ஏசுவார்கள் என்ற பயத்தில்தான் மாமா கடைசிவரை தேன் கதையை மறைத்தார்.

கோண்டாவில் வாசகி