என் வீட்டுத் தரையை உயர்த்தியவர்களுக்கு

அன்பானவர்களுக்கு வணக்கம்.

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து நேற்றோடு 3 மாதம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நன்றி சொல்லலாம் என்றுதான் இருந்தேன். எழுதிப் பார்த்தால் பட்டியல் ஒரு பக்கம் தாண்டிவிட்டது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். அதனால் யார் பெயரும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

வலி முதலில் முழங்காலில்தான் வந்தது. 8 மாதம் முழங்காலுக்கே எண்ணெய், ஒத்தடம், ஊசி. கடைசியில் தஞ்சாவூரில் எலும்பு மருத்துவர் என்னைப் படுக்கவைத்து, காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பினார். நான் போட்ட கூச்சலில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "முட்டியில ஒண்ணுமில்லம்மா, இடுப்பு மூட்டுதான்" என்றார். ஸ்கேனில், தொடையெலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது அமுங்கிப்போயிருந்தது. வீசிங் வந்தபோதெல்லாம் மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கி விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றார். திட்டவில்லை. அதற்கே அவருக்கு முதல் நன்றி.

முதலமைச்சர் காப்பீட்டில் சேர வருமானச் சான்றுக்கு அலைந்த தம்பிக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. ஆனால் காது கேட்கிறதே! தச்சுப்பட்டறை மாதிரி டொக் டொக்கென்று அடிக்கிறார்கள். தலைமாட்டில் நின்ற சிஸ்டர், பலகாரம் செய்கிறவள் என்று தெரிந்துகொண்டு, அதிரசத்துக்குப் பாகு எந்தப் பதம் என்று கேட்டார். தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. சிஸ்டர், தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு டப்பா உண்டு.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார் பிசியோதெரபி பெண். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று என்னைப் பாட்டாகவே பாட வைத்தார். அப்புறம் சொன்னதுதான் இடி. தரையில் உட்காரக் கூடாது, குத்தவைக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் புதுப் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டை நினைத்துப் பார்த்தேன். அரிவாள்மனை தரையில், முறுக்குச் சுற்றுவது தரையில், கழிப்பறையும் தரையோடு தரையாக.

நான் வீட்டுக்கு வருவதற்குள் கொத்தனார் அண்ணன் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து முடித்திருந்தார். சாமானுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். கட்டில் காலுக்கெல்லாம் மரக்கட்டை வைத்து உயர்த்தியது எதிர்வீட்டு அக்கா. கார்க்காரத் தம்பி முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு தலையணை போட்டு, தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை ஊர்வலம்போல ஓட்டி வந்தான். சத்திரத்துக்காரர் பழைய பந்தி மேசை ஒன்றை அனுப்பினார். அதில்தான் இப்போது முறுக்குச் சுற்றுகிறேன்.

மருமகளுக்கு என்ன எழுதுவது? ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியைக் கை நடுங்கியபடி போடக் கற்றுக்கொண்டாள். என் கால்களுக்கு நடுவே தலையணை இருக்கிறதா என்று ராத்திரியில் எழுந்து எழுந்து பார்த்தாள்.

பார்க்க வந்து, இந்த ஆபரேஷன் செய்து எழுந்திருக்காதவர்கள் கதையைச் சொல்லிப் போனவர்களையும் விடவில்லை. அந்தக் கோபத்தில் தினமும் இரண்டு சுற்றுக் கூடுதலாக நடந்தேன்.

இன்னும் லேசாகத் தாங்கித்தான் நடக்கிறேன். வாக்கர் சும்மா நிற்கிறது, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு ரப்பர் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றி வைக்கிறேன்.