ஏழு மணிக்கே தெரியும்தானே, டீச்சர்?

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிக் கோயில்களை நிர்வகிக்கிற வண்ணக்கர்மாருக்கும் அறநெறிப் பாடசாலைகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் கல்லடியில் இருக்கிறேன். பாடசாலையில் இருபத்தெட்டு வருடம் சைவநெறி படிப்பித்து ஓய்வு பெற்றவள். இப்போதும் ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். சமயத்தைக் குறைசொல்லக் கிளம்பியவள் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவுகட்டாமல், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

போன டிசம்பர் 26, சுனாமி நினைவுக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். பேச வந்தவர் நல்ல குரல்வளம் உள்ளவர். "எல்லாம் அறிந்த ஆண்டவனுக்குத் தெரியாமல் அன்றைக்கு ஒரு உயிரும் போகவில்லை. அவரவர் கணக்கு அன்றோடு முடிந்தது" என்றார். என் தங்கை பக்கத்தில் இருந்தாள். அலை வந்தபோது அவளுடைய மகனுக்கு நாலு வயது. நாவலடியில் அவர்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது கிணற்றுக் கட்டு மட்டும்தான் மிச்சம். கூட்டம் முடியும்வரைக்கும் அவள் கையில் இருந்த கற்பூரப் பக்கெட்டைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தாள். கற்பூரத்தைக் கொளுத்தாமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் இதே கதை வந்தது. ஏழாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், நிலம் நடுங்கினது ஏழு மணிக்கு. கடல் வந்தது அதுக்குப் பிறகு எவ்வளவோ நேரம் கழிச்சு. கடவுளுக்கு ஏழு மணிக்கே தெரியும்தானே? ஏன் ஆருக்கும் சொல்லல்ல?"

பிள்ளை சொன்ன நேரம் சரிதான். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை, நத்தாருக்கு மறுநாள். சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் நிலம் நடுங்கியபோது அன்றைய நம் நாட்டு நேரம் காலை 6.58. எங்கள் கரைக்கு அலை வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருந்தது. ஹவாயில் இருந்த சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்துக்குள் அறிக்கை விட்டது. முதலில் 8.0 என்றுதான் கணித்தார்கள். உண்மையில் அது 9ஐத் தாண்டியது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது பசிபிக் சமுத்திரத்தை. இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அவர்களுக்குத் தெரிந்தது அரைகுறை, யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்பதும் தெரியவில்லை. அதனால் அவர்களை நாம் மன்னித்தோம். நாட்டில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அம்பாறை மாவட்டம். அரைகுறையாகத் தெரிந்தவருக்கு இருக்கிற இந்தச் சாட்டு, முழுவதும் தெரிந்தவருக்கு இல்லையே. பிள்ளை கேட்டது அதைத்தான்.

இன்னொன்றும் எங்கள் ஊரில் நடந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து சின்னப் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். தாக்குதல் வரப்போகிறது என்ற தகவல் அந்த மாதத் தொடக்கத்திலேயே அதிகாரிகளின் கைக்கு வந்திருந்தது. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்த்தது. தகவல் வந்த பிறகும் சும்மா இருந்தால் அது பிழை என்று நாட்டுச் சட்டமே சொல்கிறது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று கைதட்டியவர்களில் நீங்களும் இருந்தீர்கள், நானும் இருந்தேன். சரி, அந்தத் தராசை அறநெறி வகுப்புக்குள் வரும்போது மட்டும் வாசலில் கழற்றி வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

இறைவனுக்கு எட்டுக் குணம் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறோம். குறளில் வருகிற 'எண்குணத்தான்' என்ற சொல்லுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தருகிற பட்டியல் அது. அதில் ஒன்று 'முற்றும் உணர்தல்'. எத்தனை வருடம் நான் அதைக் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! முற்றும் உணர்ந்தவர் என்பது நமக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. சாதாரண தர விடைத்தாள் திருத்தப் போய் வந்த காலத்தில் இது உறைத்திருக்க வேண்டும். புள்ளித்திட்டம் கையில் இல்லாமல் ஒரு தாளைத் தொட முடியாது. ஒருவருக்கு நூற்றுக்கு நூறு போடுவதற்கு, முதலில் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் அறிந்தவர் என்று ஒருவருக்குப் புள்ளி போடுகிற தகுதி, எல்லாம் அறியாத எவருக்கும் இல்லை.

முன்னோர் இதை யோசிக்காதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரத்தில் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை எழுதியபோது கண்டேன், கேட்டேன் என்று எழுதவில்லை, நியாயம் காட்டினார். அவர் வழி வந்த சித்தாந்திகள் சொல்வது இது: வினை சடம், அறிவில்லாத பொருள். அதுவாக எழும்பிப் போய்ச் செய்தவனைத் தேடிப் பிடிக்காது. விதைத்தவன் களத்துக்கே விளைச்சல் போய்ச் சேர வேண்டுமென்றால், எல்லா உயிரின் எல்லாச் செயலையும் அறிந்து கூட்டிவைக்க ஒருவன் வேண்டும். அழகான வாதம். படிப்பிக்கும்போது எனக்கே புல்லரித்திருக்கிறது. ஆனால் விளைச்சல் தவறாமல் விதைத்தவனுக்கே சேர்கிறது என்பதை யார் பார்த்தார்கள்? கேட்டால், கணக்குப் பார்க்க ஆண்டவன் இருக்கிறான், அதனால் சேரும் என்கிறோம். ஆண்டவன் இருப்பது எப்படித் தெரியும் என்றால், கணக்குச் சேர வேண்டுமே, அதனால் என்கிறோம். சரி, அந்த வட்டத்தைக்கூட விட்டுவிடலாம். அந்த வாதத்தை வாங்கினால் கூடவே ஒரு விலையும் கொடுக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளையின் மூக்கில் ஏறிய மண் அவனே விதைத்தது என்று அவன் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அது முடியாது. மேடையில் ஒலிவாங்கிக்குப் பின்னால் நிற்கிறவருக்குத்தான் முடிகிறது.

காத்தான்குடியில் எனக்கு ஒரு சினேகிதி, அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவரிடம் இதைக் கதைத்தேன். ஒரு இலை விழுந்தாலும் அவன் அறியாமல் விழாது என்பதுதான் எங்கள் நம்பிக்கை என்றார். பதினோராம் நூற்றாண்டில் இமாம் கஸ்ஸாலி, இறைவன் பொதுவானவற்றை மட்டும் அறிவான், தனித்தனியானவற்றை அப்படி அறியமாட்டான் என்ற தத்துவவாதிகளை மார்க்கத்துக்குப் புறம்பானவர்கள் என்றே எழுதினாராம். ஆக, இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமில்லை. சுனாமி அன்று அவருடைய பக்கத்திலும் ஜனாஸாக்கள் (பிரேதங்கள்) வரிசையாகக் கிடந்தன. இருவரும் தேத்தண்ணி ஆறும்வரைக்கும் பேசாமல் இருந்தோம்.

பௌத்த தர்க்க ஆசிரியர் தர்மகீர்த்தி இன்னும் குறும்புக்காரர். துன்பத்திலிருந்து மீள வழி தெரிந்தவர்தான் நமக்கு வேண்டும் என்றவர் அவர். தூரத்தில் இருப்பதெல்லாம் தெரிவதுதான் பெருமை என்றால், வாருங்கள், கழுகுகளை வணங்குவோம் என்று ஏழாம் நூற்றாண்டிலேயே கேலி செய்தார். (திருக்கழுக்குன்றத்தில் கழுகுக்குச் சோறு வைத்த கதை அவர் காதுக்கு எட்டவில்லைப் போலும்.)

உங்கள் பதில் எனக்குத் தெரியும். குழந்தைக்கு வைத்தியர் ஊசி போடுகிறார், ஏன் என்று குழந்தைக்கு விளங்குமா, அப்படித்தான் அவனுடைய எண்ணமும் என்பீர்கள். விளங்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் முழுக்க விளங்காது என்று இருக்க வேண்டும். பெரும்போகத்துக்கு மழை நேரத்துக்கு விழுந்தால் வயற்காரரான போடியார், "எப்ப தரோணும் எண்டு அவனுக்குத் தெரியும்" என்று பொங்கலுக்குச் சொல்லிவிடுகிறார். வெட்டுக்கு இரண்டு கிழமை இருக்க வெள்ளம் வந்து கதிரை மூடினால், "அவன் எண்ணத்தை ஆர் அறிவார்" என்கிறார். இலாபம் வந்தால் ஆண்டவனுடைய கொப்பியை விரித்து வாசிக்கிறோம். நட்டம் வந்தால் அது நமக்குத் தெரியாத பாஷை என்கிறோம். ஊசி போட்டபோது என்ன நினைத்தார் என்று தெரியாதவருக்கு, இனிப்புக் கொடுத்தபோது என்ன நினைத்தார் என்பதும் தெரியாதுதானே.

முன்கூட்டியே தெரிந்தால் மனிதனுக்குச் சுதந்திரம் ஏது என்ற கேள்வியில் நான் இறங்கவில்லை. பஞ்சாங்கம் சொன்னதால் கிரகணம் பிடிப்பதில்லை. அது என்னை வருத்துகிற கேள்வியும் இல்லை.

என்னை வருத்துவது வேறு. எங்கள் பக்கத்து மக்கள் மிக நெருங்கிக் கும்பிடுகிற தெய்வம் கண்ணகை அம்மன். வைகாசிச் சடங்கில் பூசகரான கட்டாடியார் முன்னிருக்க, இரவிரவாகக் கண்ணகி கதை சொல்லும் வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அம்மாள் எல்லாம் அறிந்தவளாக அந்தக் கதையில் வரவில்லை. புருஷனை வெட்டிய பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது. சிலம்போடு போய் நியாயம் கேட்கிறாள். பாண்டியனுக்கும் தெரியாமல்தான் பிழை நடந்தது, தெரிந்த மாத்திரத்தில் அவன் உயிர் போய்விட்டது. அவள் சூடு தணிய நாம் குளிர்த்தி ஆடுகிறோம். வழக்குப் பேசியவளைத் தெய்வமாக வைத்திருக்கிற ஊரில், வழக்குப் பேசிய ஒரு பிள்ளையை "கடவுளைக் கேள்வி கேட்கக் கூடாது" என்று இருத்துகிறோம்! அன்றைக்கு மண்டபத்தில் இருந்த பெரியவர் ஒருவர் இதைத்தான் சொன்னார். அவரை நோகவில்லை, நானும் முன்னே அப்படிச் சொன்னவள்தான்.

தங்கை இன்னும் நம்புகிறாள். விடியக் காலையில் முருகன் படத்துக்கு விளக்கு வைத்து, ஒரு நிமிஷம் சும்மா நிற்பாள். ஒரு நாள் கேட்டேன், அவனுக்குத் தெரியும் என்று இன்னமும் நினைக்கிறாயா என்று. "ஓம் கா. நான் அண்டைக்கு எப்படிக் கத்தினன் எண்டு ஆருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். ஏன் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்ல" என்றாள். இந்த நம்பிக்கையை நியாயப்படுத்த முடியுமா என்று கேட்டால், விடைத்தாள் திருத்துகிற கணக்கில் முடியாது. ஆனால் அவள் எதையும் விளக்கவில்லை. யாருடைய சாவுக்கும் காரணம் சொல்லவில்லை. தான் கத்தியதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. மேடையில் பேசியவரின் நம்பிக்கை அப்படி இல்லை. அவர் ஆண்டவனுக்கு எல்லாம் தெரியும் என்று தொடங்கி, ஆண்டவனுக்குத் தெரிந்தது தனக்கும் தெரியும் என்று முடித்தார். இரண்டாவதற்கு ஒரு நியாயமும் கிடையாது, சித்தாந்தத்திலும் கிடையாது.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார். அதனால் அந்த முருகனுக்கு மரியாதை குறைந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. வருகிற டிசம்பர் 26க்கும் அதே முறையை வைத்துக்கொள்வோம். விளக்கு வையுங்கள், பெயர்களை வாசியுங்கள். கணக்கு, வினை, அவன் சித்தம் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அறநெறி வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் கேட்க விடுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "எனக்குத் தெரியாது மகள்" என்றேன். அவள் குனிந்து கொப்பியில் தேதி போட்டு, 'டீச்சருக்குத் தெரியாது' என்று எழுதி, அடிமட்டம் வைத்துக் கீழே கோடும் கீறினாள். நான் அந்தப் பக்கத்துக்குச் சரி போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சைவநெறி ஆசிரியை ஒருத்தி,
கல்லடி, மட்டக்களப்பு.