அவன் விலகல, அரைப்பேரு போட்டிருக்காங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் தலவாக்கலை டவுன்ல சின்னதா ஒரு சைக்கிள் கடை வெச்சிருக்கேன், பஞ்சர் ஒட்டுறது, செயின் மாத்துறது, ரிம் நிமிர்த்துறது இதுதான் பொழப்பு, பேப்பருக்கு எழுதுறது இதுதான் மொத தடவ, பிழை இருந்தா நீங்களே திருத்திக்கோங்க. போன வாரம் உங்க விளையாட்டுப் பக்கத்துல கீழ ஒரு மூலையில நாலு வரி வந்திச்சு, மலையகத்த சேர்ந்த மவுண்டன் பைக் வீரர் சர்வதேச குரொஸ் கன்ட்ரி போட்டியில இடைநடுவுல விலகினார்னு. அந்த பொடியன் யாருன்னு எனக்கு தெரியும், அவன் சைக்கிளுக்கு நட்டு பூட்டுறவன் நான்தான். அவன் விலகல ஐயா. அத சொல்லத்தான் எழுதுறேன்.

குரொஸ் கன்ட்ரி ரேஸ்ல 80 வீத சட்டம்னு ஒன்னு இருக்கு, உலக சைக்கிள் சங்கம் யூ.சி.ஐ. வெச்ச சட்டம். இது நுவரெலியாவுல தொடங்கி கண்டியில முடியிற மாதிரி ரேஸ் இல்ல, கிட்டத்தட்ட நாலுல இருந்து ஆறு கிலோ மீற்றர் வரைக்கும் ஒரு ரவுண்டு, அதையே திரும்ப திரும்ப சுத்தணும். முன்னுக்கு போறவன் ஒரு ரவுண்டுக்கு 15 நிமிஷம் எடுக்குறான்னு வைங்க, அதுல 80 வீதம் 12 நிமிஷம், நீங்க அவனுக்கு 12 நிமிஷத்துக்கு மேல பிந்திட்டா அந்த ரவுண்டு முடியப்போற எடத்துல ஒரு ஆள் நின்னுக்கிட்டு கைய காட்டி வெளிய எடுத்துருவாரு, உங்களுக்கு இன்னும் தெம்பு இருக்கா இல்லையான்னு எல்லாம் கேக்க மாட்டாரு. பாதை ஒத்தையடிப் பாதை, முன்னுக்கு வாறவன் பின்னுக்கு உள்ளவன முட்டிக்கிட்டு நிக்கக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு, அதுல ஞாயம் இருக்கு. ஆனா அப்படி எடுத்தாலும் ரிசல்ட் ஷீட்ல பேரு இருக்கும், எத்தனையாவது எடம்னு இருக்கும், பக்கத்துல மைனஸ் இத்தன ரவுண்டுன்னு போட்டிருக்கும். விலகினவனுக்கு போடுறது வேற எழுத்து. நான் ஷீட்ட போன்ல பெருசாக்கி பாத்தேன், இவனுக்கு நேர மைனஸ் ரெண்டு. அஞ்சு ரவுண்டுல மூணு முடிச்சிருக்கான், கைய காட்டுற வரைக்கும் மிதிச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்கான்.

இத அவங்க அம்மாவுக்கு வெளங்கப்படுத்துறதுக்குள்ள எனக்கு தொண்ட காஞ்சு போச்சு. உங்க பேப்பர தோட்டத்துல யாரோ வாசிச்சு காட்டியிருக்காங்க, அந்தம்மா கொழுந்து நிறுத்துட்டு கூடையோட நேரா கடைக்கு வந்துட்டாங்க, மகன் பாதியில ஓடி வந்துட்டானாண்ணேன்னு. நான் வீதம், நிமிஷம், ரவுண்டுன்னு என்னென்னமோ சொல்லிப் பாக்குறேன், தலைய மட்டும் ஆட்டுறாங்க. தோட்டத்துல காலையில வேலைக்கு பேர் குடுக்குற எடம் பிரட்டு, அர நாள் சம்பளம் மட்டும் போடுறது அரைப்பேரு. கடைசியில அவங்களே கேட்டாங்க, "காலையில பிரட்டுக்கு போயி மலையில நின்னாலும் கொழுந்து கொறஞ்சா அரைப்பேரு போடுறாங்கல்ல, அது மாதிரியாண்ணே?" ஆமா தங்கச்சி அதேதான்னேன். "அப்ப அரைப்பேரு போட்டா வேலைக்கே வரலன்னு ஆகிருமா?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, உங்களுக்கு எழுதிட்டேன்.

ஏன் பிந்துனான்னு கேப்பீங்க. மொத காரணம் நின்ன எடம். இந்த ரேஸ்ல எல்லாரும் ஒன்னா தொடங்குறதா பேரு, ஆனா வரிசை வரிசையாத்தான் நிப்பாட்டுவாங்க, யூ.சி.ஐ. பொயின்ட்ஸ் உள்ளவன ஒவ்வொருத்தரா பேர் கூப்புட்டு முன்னுக்கு விடுவாங்க, பொயின்ட்ஸ் இல்லாதவன் கடைசி வரிசை. தொடங்கி கொஞ்ச தூரத்துல பாதை ஒடுங்கிரும், ஏத்தத்துல முன்னுக்கு ஒருத்தன் கால ஊனுனா பின்னால எல்லாரும் எறங்கி தோள்ல தூக்கிக்கிட்டு ஓட வேண்டியதுதான், அதுக்குள்ள மொத வரிசைக்காரன் காட்டுக்குள்ள மறைஞ்சிருவான். பொயின்ட்ஸ் எடுக்கணும்னா ரேஸ் ஓடணும், ரேஸ் ஓடணும்னா டிக்கட் விசா எல்லாத்துக்கும் காசு வேணும், ஐரோப்பாவுல உள்ள பொடியன் சனி ஞாயிறுல அப்பாவோட வேன்ல ஏறி பக்கத்து நாட்டு ரேஸுக்கு போயிட்டு வாறான், நம்மாளுக்கு வருஷத்துக்கு ஒன்னு கெடச்சா பெருசு. 17, 18 வயசு ரெண்டு வருஷம்தான் ஜூனியர், அப்புறம் 23க்கு கீழ உள்ள பிரிவுல கொண்டுபோயி போட்டுருவாங்க, அங்க இன்னும் மோசம்.

பின் வரிசையில இருந்து ஜெயிச்சவங்களே இல்லையான்னா இருக்காங்க. இங்கிலாந்து டாம் பிட்கொக் டோக்கியோ ஒலிம்பிக்ல நாலாவது வரிசையில இருந்துதான் தொடங்குனாரு, ரேஸுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தி கார் மோதி காறை எலும்பு ஒடஞ்ச ஆளு, தங்கம் எடுத்தாரு. 2024 பாரிஸ்ல நடு ரேஸ்ல டயர் காத்து போயி, வீல் மாத்தி, முன்னுக்கு இருந்த பிரெஞ்சுக்காரன் விக்டர் கொரெட்ஸ்கிய கடைசி ரவுண்டுல புடிச்சு திரும்பவும் தங்கம். நம்ம பையன் அந்த வீடியோவ கடையில உக்காந்து எத்தன தரம் பாத்திருப்பான்னு கணக்கில்ல, என் டேட்டாவுலதான் பாத்தான். ஆனா பிட்கொக்குக்கு வேற வீலோட ஆள் நின்னாங்க. கண்ட கண்ட எடத்துல ஒதவ முடியாது, அதுக்குன்னு ஒதுக்குன எடத்துல மட்டும்தான் வெளியாள் கைய வைக்கலாம். நம்ம பையனுக்கு ரெண்டாவது ரவுண்டுல டயர் போச்சு, அந்த எடத்துல அவனுக்குன்னு யாரும் இல்ல, வேற நாட்டுக்காரங்க அவங்கவங்க ஆளுக்காக நின்னுக்கிட்டு இருந்தாங்களாம். தானே உக்காந்து டியூப் போட்டு பம்ப் அடிச்சிருக்கான், எட்டு நிமிஷம்.

அந்த டயர் விஷயத்துல ஒரு பங்கு பிழை என்னோடதுங்கிறதையும் எழுதிடுறேன், ஒளிச்சு என்ன ஆகப்போகுது. நம்ம மலையில மண்ணு ஈரம், வேர், பாசி, டயர்ல காத்த கொறச்சு வெச்சாத்தான் புடிக்கும், அதே காத்தோட போகச் சொன்னேன். அங்க காஞ்ச தரை, கத்தி மாதிரி கல்லு. காத்து கொறஞ்ச டயர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி கிழிஞ்சிருக்கு. ஓட்டைய அடைக்க உள்ள ஊத்துன சீலன்ட் பசையும் பழசு, காஞ்சு போயி பசை உருண்ட மாதிரி கெடந்துச்சு, வந்தப்புறம் கழட்டி பாத்தா தெரியுது. நல்ல டயர் ஒரு சோடி வாங்கப்போனா அவங்க அம்மாவோட ஒரு மாச சம்பளத்த முழுங்கிரும் ஐயா, நாளுக்கு ஆயிரம் ரூவா கெடைக்கிறதுக்கே நாம 2021 வரைக்கும் கத்துனோம்ல.

ஆனா ஒன்னு சொல்றேன், எறக்கத்துல அவன புடிக்க அங்க நெறைய பேரால முடியல. டயர் போறதுக்கு முந்தி மொத ரவுண்டு எறக்கத்துல மட்டும் ஏழு பேர தாண்டியிருக்கான். எங்க பழகுனான்? அவங்க இருக்குற லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால தேயிலைக்கு ஊடால போற பாதையிலதான், கல் படி, குறுக்க குறுக்க தண்ணி ஓடுற கான், பனி எறங்குனா பத்தடிக்கு அங்கிட்டு தெரியாது, கான் வாறது தெரியாமலே சைக்கிள தூக்கி பழகுனவன். பாரிஸ் ஒலிம்பிக் ரேஸ் நடந்த எலான்கூர் குன்று 231 மீற்றர், அந்த பக்கத்துலயே அதுதான் ஒசரமாம், அதுவும் பழைய கல் குவாரியில குப்ப கொட்டி எழும்புன மேடு. எங்க தலவாக்கலை ஸ்டேஷனே 1,200 மீற்றர் கிட்ட இருக்கு! சிரிப்பு வருது, கொஞ்சம் வயித்தெரிச்சலும் வருது.

வயித்தெரிச்சலுக்கு காரணம் இருக்கு. அவன் பழகுற தோட்டத்துல வாச்சர் ரெண்டு தடவ சைக்கிள புடிச்சு ஆபீஸ்ல வெச்சுட்டாரு, தேயில செடி மிதிபடுதாம். வாச்சர குத்தம் சொல்லல, அவருக்கு மேல இருந்து சொன்னத அவரு செஞ்சாரு. ஆனா கண்டி ஹந்தானையில தொடங்கி நுவரெலியா வரைக்கும் பீக்கோ டிரெயில்னு 22 கட்டமா 300 கிலோ மீற்றருக்கு மேல பாத போட்டிருக்காங்களே, அதுல நெறைய எடம் நம்மாளுங்க தலையில பாரம் தூக்கி நடந்த தேயில பாததான், அதுல வெள்ளக்காரன் நடந்தா டூரிசம், நம்ம பொடியன் சைக்கிள்ல போனா அத்துமீறல். கவ்வாத்து வெட்டுன மலைப்பக்கம் போக மாட்டான், கொழுந்து எடுக்குற நேரம் போக மாட்டான், விடிய முந்தி ஒரு மணித்தியாலம், ஞாயித்துக்கெழம காலையில ரெண்டு மணித்தியாலம், அவ்வளவுதான் கேக்குறோம். தோட்ட மேனேஜர் பெரிய தொரைக்கு கடிதம் குடுத்து நாலு மாசமாச்சு, பதில் இல்ல.

இன்னொன்னும் இருக்கு, கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் இவன் இங்க ஒரு ரேஸ்ல ஜெயிச்சப்போ படம் எடுக்க ஒருத்தர் வந்தாரு, எந்த பேப்பர்னு சொல்ல விரும்பல. அவங்க அம்மாவ கூடையோட தேயிலைக்குள்ள நிக்க வெச்சுத்தான் படம் எடுப்பேன்னுட்டாரு, அன்னைக்கு போயா நாள், பௌர்ணமி லீவு, வேலையே இல்ல, பெட்டியில இருந்த நல்ல சேலைய கட்டிக்கிட்டு நின்ன அந்தம்மாவ மாத்திட்டு வரச்சொல்லி கூடைய மாட்டி நிக்க வெச்சாரு. லயத்துல இருந்து ஒரு நட்சத்திரம்னு அர பக்கத்துக்கு போட்டாங்க, அவன் எத்தன நிமிஷத்துல முடிச்சான், ரெண்டாவதா வந்தவன் எவ்வளவு பிந்தி வந்தான், ஒரு வரி இல்ல. ஜெயிச்சா பாவம்னு எழுதுறாங்க, தோத்தா விலகிட்டான்னு எழுதுறாங்க, நடுவுல அவன் சைக்கிள் ஓட்டுனத எழுத யாருக்கும் நேரமில்ல.

பெருசா ஒன்னும் கேக்கல. போன வாரம் போட்ட அதே எடத்துல, அதே நாலு வரியில, ரெண்டு ரவுண்டு மிச்சம் இருக்கயில சட்டப்படி நிறுத்தப்பட்டார், விலகல்லன்னு ஒரு திருத்தம் போட்டீங்கன்னா போதும். த்ரீவீலர் ஸ்டான்ட்ல அவன பாத்து பாதி வழி பாண்டின்னு கூப்புடுறவங்க அந்த பக்கத்தத்தான் வாசிக்கிறாங்க. பையன் ஒன்னும் சொல்றதில்ல, நேத்து வந்து பிரேக் பேட் கேட்டான், மழைக்கு ரெசின் பேட் ஒரே எறக்கத்துல கரஞ்சு போகுது, மெட்டல் பேட் கொழும்புல இருந்து பார்சல்ல வருது. அடுத்த ரேஸுக்கு காத்து எவ்வளவு அடிக்கிறதுன்னு இந்த தடவ அவனே அங்க போயி தரைய பாத்து முடிவெடுக்கட்டும்னு சொல்லிட்டேன், சின்ன பம்ப் ஒன்னும் காத்து அளக்குற மீற்றரும் குடுத்து அனுப்புறேன். மைனஸ் ஒன்னுக்கு வந்தான்னா அதையும் நானே எழுதி அனுப்புறேன், கீழ மூலையிலேயே போடுங்க.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரன்,
தலவாக்கலை.