நீதிபதிக்கு யார் ஓட்டுப் போட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இயற்றிய சட்டத்தை, யாரும் ஓட்டுப் போடாத நீதிபதி எப்படித் தள்ளலாம் என்று சென்ற ஞாயிறு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். ஜனநாயகத்தில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நான்கு வருடம் படித்தும் அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லத் தெரியாவிட்டால் எப்படி?

சாப்பாட்டு மேசையில் இரண்டு புத்தகங்களை வைத்தேன். ஒன்று அப்பா வைத்திருந்த பழைய மலேசிய அரசமைப்புச் சட்டம், இன்னொன்று என்னுடையது. இரண்டிலும் 121-ஆவது பிரிவைத் திறந்து காட்டினேன். பழையதில், கூட்டரசின் நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கும் என்று இருக்கிறது. 1988-இல் நாடாளுமன்றம் அந்தச் சொற்களை எடுத்துவிட்டது. நாடாளுமன்றம் இயற்றும் கூட்டரசுச் சட்டம் எதைக் கொடுக்கிறதோ அதுதான் இப்போது அதிகாரம். தலைப்பு மட்டும் இன்னும் ‘கூட்டரசின் நீதி அதிகாரம்’ என்றே நிற்கிறது.

“கடையைக் காலி பண்ணிட்டு போர்டைக் கழற்ற மறந்துட்டாங்களா?” என்றார் அம்மா. நான் முப்பது பக்கத்துக்கு எழுதியிருப்பதும் அதுதான்! அதே ஆண்டில்தான் நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸும் பதவி நீக்கப்பட்டார்.

அந்தத் திருத்தத்துக்குக் கை தூக்கியவர்களும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்தான். வாசகர் இதையும் சேர்த்து யோசிக்கட்டும்.

அப்புறம் 2017, செமினி ஜெயா வழக்கு. அரசு எடுத்துக்கொண்ட நிலத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதில், நீதிபதியுடன் உட்காரும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் சொல்வதுதான் முடிவு என்று சட்டம் இருந்தது. 121-இல் அந்தச் சொற்கள் போனாலும் தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை, அதை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டான் ஸ்ரீ சைனுன் அலி.

மறு ஆண்டு ஜனவரியில், கணவர் பிள்ளைகளை இஸ்லாத்துக்கு மாற்றியதை எதிர்த்து இந்திரா காந்தி என்ற மலேசியத் தாய் தொடுத்த வழக்கிலும் அவரே எழுதினார். மதமாற்றம் ஷரியா நீதிமன்றத்தின் விஷயம், அதை விசாரிக்க சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் கைவிரித்திருந்தது. நிலத் தகராறில் எழுதி வைத்த வரிகள் இங்கே ஒரு தாய்க்குக் கைகொடுத்தன. அவருக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றியது செல்லாது என்று ஆனது.

ஆனாலும் கடைசி மகள் ஆண்டுக்கணக்கில் தாயிடம் வந்து சேரவில்லை. நீதிபதிகளுக்கு அதிகாரம் கூடிப்போச்சு என்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு வேண்டுகோள். 121-ஆவது பிரிவின் பழைய வடிவத்தையும் புதியதையும் தமிழில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். ஞாயிறு பதிப்பில் போட்டால் நல்லது. மற்ற நாளில் அம்மா ராசிபலனோடு பத்திரிகையை மடித்துவிடுவார்.

சட்ட ஆய்வு மாணவி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்