மாண்டலின் சங்கம்: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. கர்நாடக இசையில் மாண்டலின் வாசித்துப் புகழ்பெற்ற யு. ஸ்ரீநிவாஸ் அவர்களின் நினைவு நாளான செப்டம்பர் 19 அன்று உறுப்பினர்கள் வாசித்தனர். விஜயதசமியன்று புதிய மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. தியாகராஜ ஆராதனையும் நடந்தது.

இவ்வாண்டின் பெரும்பணி, ஐந்து தந்தி மின் மாண்டலின்களைப் பட்டறையில் நாமே செய்தது. விலைக்கே வாங்கலாமே என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் எட்டுத் தந்தி, இரண்டிரண்டு ஜோடியாக. ஒரு ஜோடியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறுவதில்லை. கமகத்தின், அதாவது சுரத்தை அசைத்து இழுக்கும் அழகின், உச்சியில் சுருதி பிளந்துவிடும். நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை எடுத்ததன் நியாயம் வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

உடலுக்கு வீணைக்கு எடுப்பதுபோலவே வைரம் பாய்ந்த பலா, 40 மி.மீ. கனம். விரல்பலகைக்கு ஈட்டி மரம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலர்த்துவது வழக்கம். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வராத பலகையில் மெட்டு (சுர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கம்பி) அடித்தால் கோடையில் பலகை சுருங்கும், மெட்டு நுனிகள் வெளியே நீட்டி விரலைக் கீறும். கழுத்து மூட்டுக்குச் சாதாரண வெள்ளைப் பசை ஆகாது. தந்தியின் ஓயாத இழுப்பில், நம் ஊர் வெக்கையில், அது மெல்ல நழுவும்.

தந்தி நீளம் 352 மி.மீ. என்று வைத்தோம். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் கட்டை) முதல் மெட்டு 19.76, ஐந்தாவது 88.30, ஏழாவது 117.07, பன்னிரண்டாவது சரியாக 176 மி.மீ. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு மெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் சிறு பிசகு சேர்ந்து சேர்ந்து மேல் ஸ்தாயியில் காதுக்கே தெரியும். மெட்டுக்கான வெட்டு 0.6 மி.மீ. அகலம். அதற்குக் குறுகினால் ஒவ்வொரு மெட்டும் ஆப்பாக நின்று கழுத்தைப் பின்னால் வளைக்கும். அகன்றால் மெட்டு மிதந்து இரையும். உயரம் 1.2 மி.மீ.க்கு மேல் இருந்தால்தான் இழுக்கும்போது தந்தி விரலுக்குப் பிடி கொடுக்கும். குதிரையை (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) 352-க்குச் சற்றுத் தள்ளி, கீழ் ஸ்தாயியான மந்திரத் தந்திக்கு இன்னும் சற்றுத் தள்ளி நிறுத்த வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் தந்தியைத் தொட்டு மட்டும் எழுப்பும் ஒலியும் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாகும் இடமே அதன் இடம்.

தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருளான பிக்கப்பில்தான் நமக்கு நிறைவான பலன் கிடைத்தது. தந்திக்கொரு காந்தமுனை வைத்த பிக்கப்பில், இழுக்கும்போது தந்தி முனையை விட்டு விலகி ஒலி தாழும். கமகம் உச்சியைத் தொடும் இடத்தில் ஒலி குறைவதைப் போன்ற குறை வேறில்லை. அதற்குப் பதில் ஐந்து தந்திக்கும் கீழே ஒரே நீள இரும்புப் பட்டை வைத்து, 42 கேஜ் தாமிரக் கம்பி சுற்றினோம். சுற்று தளர்ந்தால் ஒலிபெருக்கியில் கீச்சிடும். ஆகவே வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறு பாத்திரம் வைத்து உருக்கிய மெழுகில் சுருளை ஊறவிட வேண்டும். நேரடித் தீ கூடவே கூடாது. தந்திகளை எர்த்தோடு இணைக்காவிட்டால் இரைச்சல் போகாது.

இத்தனையையும் வந்த சிலரே செய்தார்கள். மெட்டு அடிக்கவும் சுருள் சுற்றவும் இருவர் வேண்டும்: ஒருவர் பிடிக்க, ஒருவர் செய்ய. முறைப் பட்டியலில் பெயர் கொடுத்த பலர் வரவில்லை, முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. செய்து முடித்த வாத்தியத்தை வாசித்துப் பார்க்க மட்டும் அவர்கள் வந்தபோது, பட்டறையில் உழைத்தவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை இச்சபை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, பாடக் கட்டணம் வகையில் வரவு. வாடகை, மரம், கம்பி, தந்தி, மின்கட்டணம் வகையில் செலவு. சிறு தொகை கையிருப்பு உள்ளது; விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா நிலுவை. சிலருக்கு இரண்டாண்டு நிலுவை.

பட்டறைக்கு இடம் தந்த தலைவருக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், அரங்கம் அளித்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 40 மி.மீ. பலா இன்று வாங்கினால் உலர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். இப்போது கிடங்கில் இருப்பது இரண்டு வாத்தியத்துக்கான பலகை மட்டுமே. மழைக்கு முன் மரம் எடுக்கப் போதிய பணம் இல்லாவிட்டால், காத்திருக்கும் மாணவர்களுக்கு 2027-க்குள் வாத்தியம் தர இயலாது. சந்தா ரசீதுப் புத்தகம் இன்று வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து அரை மணி நேரம் பொருளாளர் அங்கேயே இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்