காதுச் சூடு வேறு, அலைச் சூடு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் அலை 'மூளையைச் சமைத்துவிடும்' என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். ரேடியோ அலையால் உடம்புக்குள் சூடேற்றுவது என் அன்றாட வேலை என்பதால் எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வலிக்கு ஷார்ட்வேவ் டயதெர்மி, அதாவது ரேடியோ அலைச் சூட்டுச் சிகிச்சை, வைக்கும்போது மூட்டின் இரு பக்கமும் பேடு, இடையில் உலர்ந்த துண்டு. வியர்வை தேங்கினால் அந்த இடத்தில் சூடு குவிந்து தோல் பொசுங்கிவிடும். "இதமாத்தான் இருக்கணும், சுட்டா உடனே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன். 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்த மெஷினின் சக்தி பல பத்து வாட்டுகள். சிலவற்றில் நூறுக்கும் மேல்.

செல்போனிலும் அடிப்படை இதுதான். அலையின் மின்புலம் மாற மாற, திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகள் புரள்கின்றன, உப்பு அயனிகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. அந்த ஆற்றல் வெப்பமாகிறது. அதனால்தான் நீர் மிகுந்த தசையும் மூளையும் அதிகம் உறிஞ்சுகின்றன. கொழுப்பும் எலும்பும் குறைவாகவே. ஆனால் அளவைப் பாருங்கள். பழைய 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் முழு மூச்சாக இயங்கினாலும் சராசரி கால் வாட்தான். அதிலும் ஒரு பங்குதான் தலைக்குள் போகிறது. அந்தச் சூட்டை ரத்த ஓட்டம் வாரிக்கொண்டு போய்விடும். நெடுநேரம் பேசிய பிறகு காது கொதிக்கிறதே என்றால், அது பெரும்பாலும் பேட்டரியும் சர்க்யூட்டும் சூடாவதாலும், காதுமேல் காற்றுப்படாமல் போன் மூடியிருப்பதாலும் வருவது.

அதற்காகக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இந்த அலைகளை 'புற்றுநோய்க்குக் காரணமாகும் வாய்ப்புள்ளவை' என்ற 2பி பிரிவில் வைத்தது. சந்தேகம் தீரும்வரை கவனமாக இருப்பதில் தவறில்லை. எதில் கவனம் என்பதுதான் கேள்வி. லிஃப்டுக்குள், ஒரு கோடு சிக்னலில், போனைக் காதோடு அழுத்திப் பேசுகிறோமே, அங்கேதான். டவர் எட்டாதபோது போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. இயர்போன் போட்டு, போனைத் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே தலை உறிஞ்சுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

இன்னொன்று. போன்களின் எஸ்ஏஆர் எண்ணை, அதாவது ஒரு கிலோ திசு உறிஞ்சும் வாட் அளவை, ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் அமெரிக்காவின் உச்சவரம்பான 1.6ஐயும் ஐரோப்பாவின் உச்சவரம்பான 2ஐயும் ஒரே தராசில் வைக்கிறார்கள். முன்னது 1 கிராம் திசுவின் சராசரி, பின்னது 10 கிராமின் சராசரி. எந்தச் சராசரி என்பதையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் வாசகி