அக்கா, இந்த முறை நான் சேரவில்லை

அக்காவுக்கு,

நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். மாலை ஆறு மணிக்கு மேல் வாயில் எதுவும் படக் கூடாது, காலையில் வெறும் தண்ணீர், இனிப்பு அறவே கிடையாது. மேலே உன் பெயர், கீழே என் பெயர். நான் சேரவில்லை அக்கா. இந்த முறை மட்டும் இல்லை, இனிமேல் எப்போதுமே சேரப்போவதில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "சரி, திங்கட்கிழமை ஆரம்பிச்சுக்கலாம்" என்பாய், நானும் சரி என்றுவிடுவேன். நமக்குள் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. பொதுவில் போடுவதற்குக் காரணம் வேறு. வயிறு நிறைந்திருக்கும்போதே கை டப்பாவைத் தேடிப் போகிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் யாரிடமும் சொல்வதில்லை. அவர்கள் படிக்கட்டும். நம் வீட்டு ஆட்களும் படிப்பார்கள் என்று தெரியும், அதனால் அந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்பதற்குள் நான் போகவில்லை. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஒரு ராத்திரியைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியாது.

சமையலறையில் விளக்குப் போடாமல் நின்றிருந்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தால் வெளிச்சம் வெளியே தெரியும் என்று அதைத் தொடவில்லை. மேடையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக, மூடிச் சத்தம் கேட்காமல் இருக்கத் துணியைச் சுற்றித் திறந்தேன். இனிப்பு முடிந்ததும் காரம், காரம் முடிந்ததும் திரும்ப இனிப்பு. பசி துளிகூட இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை நன்றாகவே சாப்பிட்டிருந்தேன், நீதான் பரிமாறினாய். வயிறு கனத்துப்போய் நிற்கவே முடியவில்லை, ஆனால் வாய் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் கையில் அகப்பட்டது நமுத்துப்போன பிஸ்கட். அந்த பிஸ்கட் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதை மென்றுகொண்டிருந்தபோதுதான் நீ விளக்கைப் போட்டாய்.

வாயை அசைக்காமல் நின்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், மேடையைப் பார்த்தாய், திரும்ப என் முகத்தைப் பார்த்தாய். ஒன்றுமே சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாய். உன் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை வாயில் இருந்ததை நான் விழுங்கவில்லை. கேட்டதும் விழுங்கினேன். அப்புறம் மிச்சம் இருந்ததையும் தின்றேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ பார்த்ததோடு நான் நிறுத்தியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாய்.

மறுநாள் டப்பாக்கள் எல்லாம் உன் அலமாரிக்குள் போய்விட்டன. பூட்டு. சாவி உன் தலையணைக்கு அடியில்.

உனக்கு அப்போது என்ன வயது? மொத்த வீடும் உன் தலையில். அப்பாவை அந்தச் சர்க்கரை கடைசியில் எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நீ. கட்டுப் பிரித்துக் கட்டியது நீ. எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நீ பயந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. இன்றைக்கும் எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பது நீதான்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா. "என்ன ஆச்சு உனக்கு?" அவ்வளவுதான். அதைக் கேட்காமல் பூட்டு வாங்கி வந்தாய். நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் முகத்தைப் பார்க்குமுன் இடுப்பைப் பார்த்தாய். நாலு பேர் முன்னால் என் தட்டில் இருந்து எடுத்து வேறு தட்டில் வைத்தாய். எதற்கெடுத்தாலும் "வாயைக் கட்டு, எல்லாம் சரியாகும்". கட்டினேன். கட்டக் கட்ட என்ன ஆயிற்று தெரியுமா? அதுவரை ராத்திரியில் மட்டும் வந்துகொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு பகல் முழுக்க வர ஆரம்பித்தது. அலமாரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே என்னென்ன இருக்கிறது, எதில் எவ்வளவு குறைந்தால் உனக்குத் தெரியாது என்று மனம் கணக்குப் போட்டது.

எனக்கு மட்டும் மனவுறுதி இல்லை என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1944, 45இல் நடந்தது. உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 ஆண்கள் தாங்களாக முன்வந்து கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு ஏறக்குறையப் பாதிச் சாப்பாடுதான். கொஞ்ச நாளிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். திரும்ப வேண்டிய அளவு சாப்பாடு கொடுத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றாலும் போதவில்லை, வயிறு முட்டிய பிறகும் பசிப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் யார் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மனசாட்சிக்காக மறுத்தவர்கள். ஊரே ஏசியபோதும் அசையாதவர்கள். அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? நான் அவர்கள் அளவுக்குப் பட்டினி கிடக்கவில்லை, அது வேறு. ஆனால் பூட்டிய அலமாரியைச் சுற்றி என் மனம் ஏன் அப்படி அலைந்தது என்பது அதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அந்த நமுத்த பிஸ்கட்டும் அப்படித்தான். பிடிக்காததை ஏன் தின்றேன் என்று எத்தனையோ நாள் என்னையே திட்டியிருக்கிறேன். கென்ட் பெரிட்ஜ் என்ற மூளை ஆய்வாளர், ஒன்றை வேண்டும் வேண்டும் என்று தேடுவதும் அதைச் சுவைத்து மகிழ்வதும் மூளையில் ஒரே வேலை அல்ல என்று காட்டியிருக்கிறார். மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் இல்லாமல் ஆக்கப்பட்ட எலிகள் சாப்பாட்டைத் தேடிப் போகவே இல்லை, ஆனால் இனிப்பை வாயில் விட்டால் ரசித்தன. எனக்கு நடந்தது அதன் மறுபக்கம். ருசி எப்போதோ செத்துவிட்டது, தேடல் மட்டும் நிற்காமல் ஓடியது.

2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் கட்டுக்கடங்காமல் உண்ணும் நோயைத் தனியாகச் சேர்த்தார்கள். அதன் அறிகுறிகளில் பசிக்காதபோதே நிறையத் தின்பதும் இருக்கிறது, வெட்கப்பட்டுத் தனியாகத் தின்பதும் இருக்கிறது. என் நிலை அந்த அளவா இல்லையா என்பது எனக்கும் என்னைப் பார்க்கிற உளவியலாளருக்கும் இடையில் இருக்கட்டும். ஆமாம், பார்க்கிறேன். உன்னிடம் சொல்லாமல்தான் போனேன். வருத்தப்படாதே. சொல்லியிருந்தால் "அதுக்கெல்லாம் டாக்டரா?" என்றிருப்பாய், நான் போயிருக்கவே மாட்டேன்.

அங்கே முதலில் சொன்னதே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குறைக்கச் சொல்லவில்லை, வேளா வேளைக்குச் சாப்பிடச் சொன்னார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. முந்தின ராத்திரி எவ்வளவு தின்றிருந்தாலும் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சை முறை இது. ராத்திரி அடங்காமல் தின்றது பகலில் பட்டினி கிடந்ததால்தான் என்பது, பட்டினியை நிறுத்திய பிறகே எனக்குத் தெரிய வந்தது.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போதும் வாய் கேட்கிறது. பெரும்பாலும் சாயங்காலம், தனியாக இருக்கும்போது, யாராவது எதையாவது சொல்லிவிட்ட நாளில். சரியாகத் தூங்காத மறுநாள் இன்னும் மோசம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டுகிற கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்கிற லெப்டின் குறைகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதனால் அன்றைக்கு என்னை நான் திட்டிக்கொள்வதில்லை, சீக்கிரம் படுத்துவிடுகிறேன். மற்ற நாளில் ஆசை வந்தால் அதோடு சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்காத நாளும் உண்டு. அன்றைக்குத் தட்டில் போட்டு, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நின்றுகொண்டு சாப்பிடுவதில்லை.

நாம் சேர்ந்து ஆரம்பித்த ஒவ்வொரு திட்டத்திலும் உனக்குத் தெரியாமல் தின்றிருக்கிறேன். நீ நேர்மையாகக் கிடந்து தவித்தாய், நான் உன்னை ஏமாற்றினேன். அதற்கு மன்னித்துவிடு. ஆனால் வேறு எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. முடியாது என்று சொல்ல நீ எனக்கு எப்போது இடம் கொடுத்தாய்?

இன்னொன்றும் கேட்க நினைத்தேன். உன் அலமாரியின் பின்வரிசையில் ஒரு தடவை நான் பார்த்ததைப் பற்றி. அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன். உனக்கு எப்போதாவது பேசத் தோன்றினால் எந்த நேரமானாலும் கூப்பிடு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன், கேட்பேன். என்னைப் பார்க்கிற உளவியலாளரின் எண்ணும் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன். நாலு மணிக்கு எனக்கு ஏதாவது சாப்பிட வேண்டும், கையிலேயே கொண்டுவந்துவிடுவேன். என் தட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ யாரும் பேசக் கூடாது என்று மற்றவர்களிடம் முன்னமே சொல்லி வைத்துவிடு. அவர்கள் நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், நீ சொன்னால் கேட்பார்கள்.